குலசை அத்தை ஏன் வரவில்லை

அருண்,

இந்த வாரம் உன் அப்பா உனக்குப் போன் செய்வார். குலசை அத்தைக்கு மூட்டுவலி அதிகமாகிவிட்டது, இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து டெல்லி வர முடியாது, அதனால் கல்யாணத்துக்கு வர மாட்டாள் என்று சொல்வார். அத்தைக்கு மூட்டுவலி இருப்பது உண்மைதான். ஆனால் அவள் வராததற்கு அது காரணம் இல்லை. நான் அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். அதனால் அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே உன்னைக் கூப்பிடப் போகிறாள். தெரியாத எண் என்று நீ எடுக்காமல் விட்டுவிடுவாயோ, எடுத்தாலும் இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசி வைத்துவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் சமையல்காரர், பெண் வீட்டார் தங்கும் அறை, உன் ஷெர்வானி அளவு என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். இந்தியில் எழுதினால் நீ சீக்கிரம் படித்துவிடுவாய் என்றும் தெரியும். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இந்தியில் ஒரு பக்கம் எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அதில் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் அதிகம் இருக்கிறது. அது ஏன் என்று போகப்போக உனக்கே புரியும். சிரமமாக இருந்தால் கவிதாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல். திருச்சியில் வளர்ந்த பெண், தடையில்லாமல் படிப்பாள். என்னைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்கிறவள் இல்லை. இந்தக் கட்டடத்தில் இருபது வருடம் குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரிக்கு என் பிறந்த நாள் தெரியாது. வீட்டுக்கு வரப்போகிற பெண்ணின் குரலில் இது படிக்கப்படும் என்று நினைத்தால் கை கூசுகிறது. இருந்தாலும் அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

உனக்கு அந்த விடுமுறை எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தொண்ணூற்றிரண்டு மே மாதம். உனக்கு ஏழு வயது, உன் தங்கை நித்யாவுக்கு மூன்று. அரசாங்கம் உன் அப்பாவுக்குச் சொந்த ஊர் போக டிக்கெட் செலவு தரும் வருடம் அது. நம்மைப் போன்ற வீடுகளில் அந்த வருடங்களை வைத்துத்தான் குழந்தைகளின் வயதையே ஞாபகம் வைத்திருப்போம். கரோல் பாக் வீட்டில் கூலர் அனல் காற்றைத்தான் வீசிக்கொண்டிருந்தது. நீ ஏப்ரலிலிருந்தே கடல், கடல் என்று அரித்துக்கொண்டிருந்தாய். உன் வகுப்பில் யாருமே கடலைப் பார்த்ததில்லையாம். திரும்பி வந்து எல்லோருக்கும் அது எப்படி இருந்தது என்று சொல்லப்போவதாகப் பெரிய மனிதன் மாதிரி அறிவித்திருந்தாய்.

உன் அப்பாவின் அக்கா வீடு குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில். திருச்செந்தூரிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் அரை மணி நேரம். மாமாவுக்கு அப்போது வெளியூரில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். மற்ற நாட்களில் அந்த நீளமான வீட்டில் அத்தை தனியாகத்தான் இருப்பாள். கடல் பத்து நிமிட நடை. ஆனால் நாம் போய் இறங்கிய முதல் நாள் மாலை, நாம் நால்வரும் கடலுக்குக் கிளம்பியபோது அத்தை தெருமுனை வரை வந்து நின்றுவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். நீ அவள் கையைப் பிடித்து இழுத்தாய். அவள் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டாள்.

காரணம் உனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். அத்தைக்கு ஒரு மகன் இருந்தான். நான்கு வயதில், ஒரு மத்தியான வேளை, அவள் மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்து கடல் பக்கம் நடந்து போய்விட்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் வலைக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாம் போனதற்கு எட்டு வருடம் முன்பு நடந்தது. குடும்பத்தில் யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசுவதில்லை. அவள் இல்லாத இடத்தில் எல்லோரும் பேசுவார்கள். நானும் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டபோது, பெற்றவள் எப்படிப் பார்க்காமல் இருந்தாள் என்று மனத்துக்குள் ஒரு கேள்வி வந்தது. அப்போது எனக்குக் குழந்தை இல்லை. கேள்வி கேட்பது சுலபமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெல்லியில் தமிழ் என்பது நமக்கு ஒரு பூட்டிய அறை. பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சட்டையைப் பற்றி, வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி, மாடிப்படியில் எதிரே வருகிறவளின் புது நகையைப் பற்றி, அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசிக்கொள்ளலாம். முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும். நான் கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்தவள். பேசக் கற்றதோடு சேர்த்து இதையும் கற்றேன். ஊருக்குப் போனால் சாவி மாறிவிடும். அங்கே இந்திதான் பூட்டிய அறை. சாப்பாட்டில் உப்பு அதிகம், இந்த மாமா எப்போது கிளம்புவார், எல்லாவற்றையும் இந்தியில் பேசிக்கொள்வோம். எதிரே இருப்பவருக்குப் புரியாத பாஷையில் நாம் பேசும்போது அவர் அங்கே இல்லாமல் போய்விடுகிறார். அப்படிப் பழகிவிட்டால் எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் போய்விடுகிறது.

அத்தைக்கு நீயும் நானும் அப்பாவும் இந்தியில் பேசிக்கொள்வது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் நாளே உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, “என்னல சொல்லுதாவ ஒங்கம்மையும் அப்பனும்?” என்று கேட்க ஆரம்பித்தாள். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாய். “அப்பா சொல்றா, துண்டு எங்கே. அம்மா சொல்றா, உங்க தலைல.” அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் உனக்கு ஒரு துண்டு கருப்பட்டி மிட்டாய். உன் தமிழ் அந்த ஒரு வாரத்தில் வளர்ந்ததுபோல் அதற்கு முன்னும் வளர்ந்ததில்லை, அதற்குப் பின்னும் இல்லை. நாங்களும் அந்த விளையாட்டை ரசித்தோம். நீ எடுத்துச் சொல்வதற்காகவே சில சமயம் வேண்டுமென்றே எதையாவது இந்தியில் பேசினோம். அப்புறமும் அது பூட்டிய அறைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்து வைத்தவளே நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அடுப்படியில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பக்கத்தில் நின்றாள். சிதறிய துருவலைக் கையால் ஒதுக்கினாள். பிறகு, “ஏளா, நாளைக்குக் காலையில பிள்ளையள நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். எட்டு வருசமா அந்தத் தெருவத் தாண்டல. ஒம் பிள்ள வாங்கத்தை வாங்கத்தைன்னு கூப்புடுதான். போய்ட்டுத்தான் வருவோமேன்னு இருக்கு” என்றாள். நான் சரி மதினி என்றேன். அவள் என்ன சொல்கிறாள் என்பது எனக்கு முழுமையாகப் புரிந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. புரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மறுநாள் காலை அவள் பழைய நூல் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துண்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவைத்தாள். நித்யாவுக்கு என்று முந்தின நாளே கடைத்தெருவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி வாங்கியிருந்தாள். முன் அறையில் கீழே உட்கார்ந்து நித்யாவின் செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தாள். நீ அவள் முதுகில் சாய்ந்து நின்றாய். உன் அப்பா ஜன்னல் கண்ணாடி முன்னால் முகச் சவரம் செய்துகொண்டிருந்தார். அத்தையின் கை லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். வார் துளைக்குள் போகாமல் இரண்டு முறை நழுவியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நித்யா அலையில் நிற்பதை நினைத்துப் பயந்துபோனேன். அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, குரலைக்கூடத் தாழ்த்தாமல், “இன்கே சாத் மத் பேஜியே. அப்னா பச்சா தோ சம்பாலா நஹீன் கயா” என்றேன்.

வழக்கம்போல அத்தை குனிந்தபடியே, “என்னல சொல்லுதா ஒங்கம்மா?” என்று உன்னைக் கேட்டாள்.

நீ சொன்னாய். “அம்மா சொல்றா, உங்ககூட எங்களை அனுப்ப வேண்டாம். உங்களுக்கு உங்க பேபியவே பாத்துக்கத் தெரியல.”

உனக்கு அத்தையின் மகனைப் பற்றி எதுவும் தெரியாது. நீ ஒரு வாக்கியத்தை இந்தக் கையிலிருந்து வாங்கி அந்தக் கையில் கொடுத்தாய், அவ்வளவுதான். மிட்டாய்க்காகக் கையைக்கூட நீட்டினாய். அத்தையின் கை செருப்பின் மேல் அப்படியே நின்றது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கோபம் இல்லை. அப்படிச் சொல்லவே இல்லை என்று நான் சொல்ல வேண்டும் என்று அந்த முகம் கெஞ்சியது. நான் சொன்னேன். “நான் அப்படிச் சொல்லுவேனா மதினி? வெயில் ஏறிட்டுது, குடை குடுத்து அனுப்பணும்னு சொன்னேன். இவன் இப்பல்லாம் இல்லாததும் பொல்லாததும் சொல்றான். ஸ்கூல்லகூட கூப்பிட்டுச் சொன்னாங்க.”

ஸ்கூலில் யாரும் கூப்பிடவில்லை. உன்னைப் பற்றி அதுவரை ஒரு குறைகூட வந்ததில்லை. மறுத்தது பதற்றத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கூலைப் பற்றிச் சொன்னது அப்படி வரவில்லை. அதை நான் யோசித்துச் சேர்த்தேன். நீ ஒரு முறை பொய் சொன்னவன் என்றால் அத்தை சந்தேகப்படலாம். எப்போதும் பொய் சொல்கிறவன் என்றால் அவளுக்குச் சந்தேகம் வராது. ஒரு நொடியில் இவ்வளவு கணக்கும் என் மூளை போட்டது.

உன் அப்பா திரும்பி உன்னை அறைந்தார். சவர நுரை உன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அவரை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, ஆனால் அவர் ஒருநாளும் உன்னை அடித்தவர் இல்லை. அந்த வாக்கியம் அக்காவின் காதில் விழவே இல்லை என்று ஆக்க அவருக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. நீ அழவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்து, “அப்பா, ஆப்னே பீ தோ சுனா” என்றாய். நீங்களும்தானே கேட்டீர்கள் என்று.

அத்தை, “இப்ப என்னல சொல்லுதே?” என்று கேட்டாள்.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன் கண்ணைப் பார்க்காமல் நித்யாவைத் தூக்கிக்கொண்டேன். “ஒண்ணும் இல்ல அத்தை” என்று சொன்னாய்.

எனக்குத் தெரிந்து அதுதான் நீ சொன்ன முதல் பொய். அதைச் சொல்லித் தந்தது நாங்கள் இரண்டு பேரும். அதன் பிறகு உன்னை அத்தையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னோம். நீ அவள் காலில் விழுந்தாய். அவள் உன்னைத் தூக்கி, கன்னத்து நுரையை முந்தானையால் துடைத்துவிட்டு, “போட்டும், சின்னப் பிள்ளதானே” என்றாள். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கதைகளில் தப்புச் செய்தவர்கள் உடனே உடைந்துபோவார்கள். லைப்ரரியிலிருந்து நான் மூட்டையாகக் கொண்டுவந்து படித்தவற்றிலெல்லாம் அப்படித்தான் இருக்கும். அன்று மத்தியானம் அத்தை தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வர ரயில் டிக்கெட் நான்கு நாள் கழித்துத்தான் இருந்தது. அந்த நான்கு நாளும் எல்லோரும் எல்லோரிடமும் மிக மரியாதையாக இருந்தோம். அத்தை உன்னிடம் எதையும் கேட்கவில்லை. நாங்கள் அவள் முன்னால் இந்தி பேசுவதை நிறுத்திவிட்டோம். உங்கள் இருவரையும் நானே கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நித்யா வாளியில் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினாள். நீ தண்ணீருக்கு வரவில்லை. நம் மூவரின் செருப்புகளையும் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, “செருப்பை யாராவது எடுத்துட்டா?” என்றாய். பொறுப்பான பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

டெல்லி திரும்பியதும் உன் தமிழ் நின்றுபோனது. நாங்கள் தமிழில் கேட்டால் நீ இந்தியில் பதில் சொல்வாய். டெல்லியில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் என்று சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லுவேன், அவர்களும் ஆமாம் என்பார்கள். இன்னொன்று தொடங்கியது, அதை யாரிடமும் சொல்லவில்லை. யாராவது உன்னிடம் ஏதாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். ஒரு கணம்தான். வகுப்பாசிரியை ஒருமுறை இவன் மிகவும் நிதானமான பையன், யோசித்துத்தான் பேசுகிறான் என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? இருந்தது.

பத்தாம் வகுப்பில் லேபில் கண்ணாடி அலமாரி உடைந்ததற்கு உன்னை மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். உன் அப்பா கத்தினார். நீ ஆமாம், நான்தான் என்றாய். ஒரு மாதம் கழித்து வேறொரு பையன் தானே போய் ஒப்புக்கொண்டான். பின்னே ஏன்டா நீ ஒத்துக்கொண்டாய் என்று நான் கேட்டேன். நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “க்யா ஃபரக் பட்தா, அம்மா” என்றாய். இல்லை என்று சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அன்று நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். நான் செய்தது ஒரு காலை நேரத்தோடு முடிந்துபோனது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அத்தை வருடா வருடம் ஊரிலிருந்து யார் வந்தாலும் கருப்பட்டி கொடுத்து அனுப்புவாள். ஒருமுறை போனில், தயங்கித் தயங்கி, “பெரியவன் இப்ப எப்படி இருக்கான்? அந்தக் கொணம் திருந்திட்டா?” என்று கேட்டாள். நான், “திருந்திட்டான் மதினி” என்றேன். இதைத்தான் எழுத முடியாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தேன். மற்றதற்கெல்லாம் எனக்கு வயது இருபத்தெட்டு, பதற்றம், பயம் என்று ஏதாவது சொல்லலாம். இதைச் சொன்னபோது எனக்கு நாற்பது வயது. கையில் காப்பி டம்ளர் இருந்தது. எந்தப் பதற்றமும் இல்லை.

போன வாரம் கல்யாணத்துக்கு அழைக்க அவளைக் கூப்பிட்டேன். மாமா போன பிறகு அவள் குரல் தேய்ந்துவிட்டது. ஆனால் அன்று சந்தோஷமாகப் பேசினாள். பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு வருகிறாள், டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றாள். பிறகு சொன்னாள்: “சின்னதுல ஏதோ நாக்குல வந்ததச் சொல்லிட்டான். அவன் அப்படிச் சொன்னதுக்கப்புறம் எனக்கு அந்தக் கடல் பக்கம் போவவே மனசு வரல. ஆனா அவன் மேல கோவம் இல்ல ளா. கல்யாணத்தன்னைக்கு அவன் தலையில கைய வச்சி, அத்தை ஒன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு இருக்கு.”

நீ கல்யாண உடையில் அவள் முன்னால் குனிந்து நிற்பதும், அவள் உன்னை மன்னிப்பதும், நீ வழக்கம்போல என் முகத்தை ஒரு கணம் பார்ப்பதும் எனக்குக் கண்ணில் தெரிந்தது. “மதினி, அவன் பொய் சொல்லல. நான் சொன்னதத்தான் சொன்னான். நான் சொன்னேன்” என்றேன். ஸ்கூலைப் பற்றிச் சொன்னதும் பொய் என்றேன். போனில் அவள் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “தம்பிக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் மதினி, பக்கத்தில் நின்று கேட்டார் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

உன் அப்பா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், “ஒம் மனசு லேசாச்சு. சரி. எங்கக்கா நிம்மதியா இருந்தாளே, அதுக்கு என்ன பதில் வச்சிருக்கே?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். தம்பி வீட்டுக்கு மருமகள் வரும் நேரத்தில், விதவையாகத் தனியாக இருக்கிற ஒருத்தியிடம் போய், உன் தம்பி பொண்டாட்டி உன்னைப் பற்றி இப்படித்தான் நினைத்தாள், உன் தம்பி அதைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்று சொல்வதால் அவளுக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. அவளிடமிருந்து ஒன்றை எடுத்துத்தான் உனக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க முடிந்தது. இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குச் சேர வேண்டியது அது என்பது மட்டும் தெரியும்.

உனக்குக் கல்யாணம். அம்மா என்கிற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். உனக்கும் கவிதாவுக்கும் நடுவில் சீக்கிரமே ஒரு தனிப் பாஷை உண்டாகும். அதற்கு வார்த்தைகூட வேண்டாம், ஒரு பார்வை போதும், ஒரு கனைப்பு போதும். அது கல்யாணத்தின் சுகங்களில் ஒன்று. ஆனால் அதே அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரை வெளியே தள்ள அதைப் பயன்படுத்தாதீர்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்கள் குழந்தைக்குத் தெரிந்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய அறை எதுவும் கிடையாது. பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நான் பயந்தது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த நடுங்குகிற கையை நம்பி மூன்று வயதுக் குழந்தையை அலைக்கு அனுப்பியிருக்கலாமா என்று கேட்டால் இப்போதும் திணறுவேன். ஆனால், “மதினி, எனக்குப் பயமா இருக்கு, நானும் கூட வரேன்” என்று அவள் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டே நான்கு பேரும் போயிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. புரியாத பாஷை ஒன்று கைவசம் இருந்ததால் தோன்றவில்லை.

நேற்று அத்தை கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை, நேராகப் பேசினாள். “நீ பயந்தது தப்பில்ல. அன்னைக்கு நானும் பயந்துகிட்டுத்தான் கெளம்புனேன். நீ நெனைச்சதையும் விட்டுருதேன், ஊரே நெனைச்சதுதான. ஆனா அந்தப் பிள்ளைய நான் பதினேழு வருசமா...” என்று சொல்லி நிறுத்தினாள். அதற்குப் பிறகு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. “கல்யாணத்துக்கு நான் வரல. ஓங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்துச் சிரிச்சிக்கிட்டு நிக்க என்னால ஆவாது. அவன் நம்பரச் சொல்லு. ஞாயித்துக்கெழம காலையில பேசுதேன். அவன்ட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

என்ன கேட்கணும் மதினி என்றேன்.

“அத ஒன்ட்ட சொல்ல மாட்டேன்” என்றாள்.

அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. நீ என்ன சொன்னாய் என்று பிறகு நான் கேட்கவும் மாட்டேன். அன்று அடி வாங்கிய பிறகு என்ன நினைத்தாய் என்று கேட்கலாம், எங்களைப் பற்றிக் கேட்கலாம். எங்களைக் காப்பாற்றுகிற மாதிரி எதையும் மாற்றிச் சொல்லாதே. மூட்டுவலியைப் பற்றி விசாரிக்காதே. உன் தமிழ் போதுமோ என்று தயங்கி கவிதாவிடம் போனைக் கொடுத்துவிடாதே, உடைந்த தமிழாக இருந்தாலும் நீயே பேசு. ஏழு வயதில் உனக்கு அந்தத் தமிழ் போதுமானதாக இருந்தது. ஒரு சொல்லைக்கூட நீ தப்பாகச் சொல்லவில்லை.

அம்மா